மூன்றாவது தவணை தவறுவதற்கு முன்...

 

பதிவுத் தபாலைக் கையெழுத்திட்டு வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால், அதில் எழுதியிருப்பது நம்மைச் சேராது என்று எண்ணுகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை எங்கள் கடற்கரையில் ஒரு குடும்பம் பட்டுத் தெரிந்துகொண்டது. அக்குடும்பத்தாரின் சம்மதத்துடன், பெயரை மட்டும் மறைத்து, அதை இம்மாதம் உங்களுக்குச் சொல்லுகிறேன். சொல்லும்போது என்னுடைய தவறு ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்குச் செல்லும் வழியில் அந்தச் சகோதரருக்குச் சங்கு, சிப்பிப் பொருள்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. பயணிகளை ஏற்றிச் செல்ல ஒரு வேனும் வைத்திருந்தார். 2017-இல் வங்கியில் 20 லட்சம் ரூபாய் கடன் பெற்று வீடு கட்டினார். மாதத் தவணை ஏறத்தாழ 17,000 ரூபாய். ஒரு தவணையும் தவறாமல் கட்டி வந்தார். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். அதன் பின்னர் ஊருக்கு வருவோர் கூட்டம் பெருகியது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நம்பிச் சகோதரர் கடைக்குச் சரக்கை அதிகமாக வாங்கி நிரப்பினார்.

2020 மார்ச் 17 அன்று தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள நினைவுச் சின்னங்கள் நாடு முழுவதும் மூடப்பட்டன. அடுத்த வாரமே ஊரடங்கு வந்தது. கோயிலும் குகையும் பூட்டிக் கிடக்கும் ஊரில் சங்கு வாங்க யார் வருவார்? 2021 ஏப்ரல் 16 முதல் ஜூன் 15 வரை இரண்டாம் முறையும் பூட்டினார்கள். வெளிநாட்டுப் பயணிகளைக் கொண்டுவரும் வழக்கமான விமானப் போக்குவரத்தோ 2022 மார்ச் 27 அன்றுதான் மீண்டும் தொடங்கியது.

அந்தச் சகோதரர் முதலில் மனைவியின் நகைகளை அடகு வைத்தார். அடுத்து, நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்குத் தனியாரிடம் கைநீட்டித் தவணை கட்டினார். 2021 மே மாதத்துடன் அதுவும் நின்றது. வங்கியிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளை எடுக்கவில்லை. கடிதங்களைப் பிரிக்கவில்லை. பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்பினார்.

அந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அவர் என்னிடம், "கடன் நெருக்குகிறது, ஹஜ்ரத்" என்றார். நான் பொறுமையைப் பற்றிச் சொன்னேன். கடன் தீர ஓதும் துஆவை எழுதிக் கொடுத்தேன். துஆ தேவைதான், அதில் ஐயமில்லை. ஆனால், "வங்கியில் போய்ச் சொன்னீர்களா?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அதுதான் என் தவறு.

திரையை விலக்கிய கரம்

இதில் எனக்கு வெட்கம் தருவது எது தெரியுமா? புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சியை நான் மாணவர்களுக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், தமக்கு வர வேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலில் வைத்துக் கேட்கிறார்கள். பேச்சு முற்றிக் குரல்கள் உயர்கின்றன. தம் இல்லத்தில் இருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறையின் திரையை விலக்கி வெளியே வந்து, பாதியைத் தள்ளுபடி செய்துவிடுமாறு கஅபுக்குக் கையால் சைகை காட்டினார்கள். அவரும் அக்கணமே இசைந்தார். உடனே கடன்பட்டவரை நோக்கி, எழுந்து மீதியைச் செலுத்திவிடுமாறு கட்டளையிட்டார்கள்.

இந்நிகழ்ச்சியில் மூன்று செய்திகள் உள்ளன. கடன் கொடுத்தவரும் பட்டவரும் நேருக்கு நேர் நின்றார்கள். இருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் வந்தார். சலுகை கிடைத்த மறுகணமே மீதியைக் கட்டும் பொறுப்பு கடன்பட்டவர் மேல் விழுந்தது. நம் சகோதரர் விஷயத்தில் முதலாவது நடக்கவில்லை. இரண்டாவதாக இருந்திருக்க வேண்டிய நான் பேசாமல் இருந்துவிட்டேன். மூன்றாவதற்கு வழியே இல்லாமற் போயிற்று.

"வட்டிக்கு வீடு வாங்கியதே பிழை. அதற்கு வழி வேறு சொல்ல வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கிணற்றில் விழுந்தவரிடம் ஏன் விழுந்தாய் என்று கேட்பதற்கு முன் கயிற்றைப் போட வேண்டும். இக்கட்டுரை அந்தக் கயிறு மட்டுமே.

தொண்ணூறு நாள் கணக்கு

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்துள்ள ஒரு விதியை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம். தவணை நிலுவை தொண்ணூறு நாட்களைத் தாண்டிவிட்டால் அக்கடன் 'வாராக்கடன்' என்று வகைப்படுத்தப்படும். அதற்கு முன்பே முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று மூன்று படிகளாக வங்கி அதைக் கவனித்து வருகிறது. அந்தப் படிகளில் நிற்கும்வரை கிளை மேலாளர் உங்களுடன் பேசுவார். தொண்ணூறு தாண்டியபின் பேசுவது சட்டம்.

எங்கள் சகோதரரின் தெருவிலேயே குடியிருக்கும் கற்சிற்பி ஒருவரின் கதையையும் கேளுங்கள். அவரும் வீட்டுக் கடன் வாங்கியவர்தாம். அவருடைய சிலைகளுக்கும் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றுபோயின. ஆனால் அவர் 2021 ஆகஸ்டில், தம் வரவு செலவு எழுதிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே வங்கிக்குப் போனார். பெருந்தொற்றால் வருமானம் இழந்தோரின் கடனைச் சீரமைத்துக் கொடுக்க அந்த ஆண்டு மே 5 அன்று ரிசர்வ் வங்கி அனுமதி அளித்திருந்தது. விண்ணப்பித்து ஏற்கப்படச் செப்டம்பர் 30 கடைசி நாள். 2021 மார்ச் 31 வரை ஒழுங்காக இருந்த கணக்குகளுக்கே அது பொருந்தும். சிற்பியின் தவணை ஓராண்டுக்குக் குறைக்கப்பட்டது; கடன் காலம் இரண்டு ஆண்டுகள் கூட்டப்பட்டது. அவர் வீடு தப்பியது.

நம் சகோதரர் வீட்டுக்கு வந்த கடிதம் வேறு. 2022-இன் தொடக்கத்தில் ஒரு நாள் அவருடைய மனைவி, மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மதரஸாவுக்கு வந்தார். வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டிருந்த ஆங்கிலக் காகிதத்தைக் கிழியாமல் பெயர்த்தெடுத்து வந்திருந்தார். "இதில் என்ன எழுதியிருக்கிறது, ஹஜ்ரத்? அவர் சொல்ல மாட்டேன் என்கிறார்" என்றார். வாசித்தேன். அறுபது நாட்களுக்குள் மொத்தக் கடனையும் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு அது. அதில் பதினொரு நாட்களே மீதமிருந்தன. கடனில் அந்தச் சகோதரியும் கையெழுத்திட்டவர் என்பதை அப்போதுதான் அவரே அறிந்தார்.

மறுநாள் மூவருமாக வங்கிக்குச் சென்றோம். மேலாளர் கடிந்து பேசவில்லை. கணக்கைப் பார்த்துவிட்டு, "செப்டம்பருக்கு முன் இவர் வந்திருந்தால் என் கையில் ஒரு வழி இருந்தது, ஐயா" என்றார். சகோதரர் தலை குனிந்து அமர்ந்திருந்தார். நானும் குனிந்துகொண்டேன்.

வாராக்கடனாகிவிட்ட கணக்கு மீண்டும் ஒழுங்காக வேண்டுமானால் நிலுவை முழுவதையும் கட்ட வேண்டும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியிருந்தது. வேனை விற்றார்கள். வளைகுடாவில் இருக்கும் தம்பி கொஞ்சம் அனுப்பினார். நிலுவை தீர்ந்தது, வீடு நின்றது. ஆனால் சம்பாதித்துக் கொடுத்த வேன் போயிற்று; நகைகளும் திரும்பவில்லை. வாய் திறவாமல் இருந்ததற்குக் கொடுத்த விலை அது.

என்ன கேட்கலாம்?

தவணை கட்ட முடியாது என்று தெரிந்த அன்றே, அதாவது தவறுவதற்கு முன்பே, கிளைக்குச் செல்லுங்கள். கடனைச் சீரமைத்துத் தருவது வங்கியின் விருப்பத்தைப் பொறுத்தது. உங்கள் உரிமை அன்று. 'ஒரே தவணைத் தீர்வை' உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் வங்கிக்கும் உங்கள் வீட்டை ஏலம் போடுவதைவிடத் தவணை வருவதே மேல். ஆகவே துணிந்து கேளுங்கள்.

தவணைத் தேதியைச் சம்பளம் வரும் நாளுக்கு மாற்றக் கேட்கலாம். சில மாதங்களுக்குக் குறைந்த தவணை கேட்கலாம். கடன் காலத்தை நீட்டிக்கக் கேட்கலாம். வட்டி விகிதத்தைக் குறைக்கவும் கேட்கலாம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளன. அதற்கு முந்தைய கடனை வைத்திருப்பவர்கள் பழைய முறையிலேயே கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கக் கூடும். 20 லட்சம் நிலுவையும் பதினைந்து ஆண்டுகளும் மீதமிருக்கையில் வட்டி ஒன்பதரையிலிருந்து எட்டரை சதவீதமாகக் குறைந்தால், மாதத்துக்கு ஏறத்தாழ 1,190 ரூபாய் மிச்சம். கேட்டவருக்கே இது மாற்றித் தரப்படும்; கேளாதவரைத் தேடி வராது.

எதுவும் இயலாத நிலையில், வங்கிக்குத் தெரிவித்து நீங்களே வீட்டை நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைப்பதும் ஒரு வழியே. ஏலத்தில் போவதைவிட அதில் கையில் ஏதேனும் மிஞ்சும்.

வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். முன்பு வருமானம் எவ்வளவு, இப்போது எவ்வளவு, எதனால் குறைந்தது, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எப்போது நிலைமை சீராகும் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். நகலில் தேதியிட்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை முடிந்த தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வங்கித் தவணையைக் கட்டத் தண்டலுக்கும் கந்து வட்டிக்கும் போகாதீர்கள். எட்டரை சதவீதக் கடனுக்கு வங்கி நூறு ரூபாய்க்கு மாதம் 71 காசு வட்டி வாங்குகிறது. அதைக் கட்ட, நூறுக்கு மூன்று ரூபாய் வாங்குபவரிடம் போவது எந்தக் கணக்கில் சேரும்? அவ்வாறு நான்கு தவணைக்கு 68,000 ரூபாய் வாங்கினால், அதன் வட்டி மட்டும் மாதம் 2,040 ரூபாய்.

அவகாசத்தின் விலை

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 280-ஆம் வசனம், கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவருக்கு அவகாசம் தரப் பணிக்கிறது. தள்ளுபடி செய்வது அதனினும் மேல் என்கிறது. அந்த அவகாசத்துக்கு விலை இல்லை. வங்கி தரும் அவகாசத்துக்கு விலை உண்டு. இந்த வேறுபாட்டை மறந்து ஏமாந்தவர்கள் பலர்.

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்தது. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆறு மாதத் தவணை தள்ளுபடி என்றே நம் மக்களில் பலர் எண்ணினார்கள். உண்மையில் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. எட்டு சதவீதத்தில் இருபது ஆண்டுகளுக்கு 20 லட்சம் வாங்கிய புதிய கடன் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கட்டாமல் விட்டால் 81,000 ரூபாய்க்கு மேல் அசலில் ஏறும். தவணைத் தொகை மாறாவிட்டால் 240 தவணையில் முடிய வேண்டியது 266 தவணையாகும்.

நம் மாமல்லபுரத்தைப் போலவே சுற்றுலாவை நம்பி வாழும் ஆக்ரா நகரில், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர் இந்த வட்டியை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். மேலும் பலர் வழக்குத் தொடுத்தனர். 2021 மார்ச் 23 அன்று தீர்ப்பு வந்தது. ஒத்திவைப்புக் காலத்தில் வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்றது நீதிமன்றம்; ஆனால் வட்டியையே தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது. மேலே சொன்ன கடனுக்கு வட்டிக்கு வட்டி என்பது ஏறத்தாழ 1,300 ரூபாய்தான். எஞ்சிய 80,000 ரூபாய் கடன்பட்டவர் தலையிலேயே நின்றது.

கடன் காலத்தை நீட்டிப்பதும் இப்படித்தான். ஒன்பது சதவீதத்தில் 20 லட்சத்துக்கு இருபது ஆண்டுத் தவணை ஏறத்தாழ 17,995 ரூபாய். முப்பது ஆண்டாக்கினால் 16,092 ரூபாய். மாதம் 1,900 ரூபாய் குறைகிறது. மொத்தத்திலோ 14 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் கூடுகிறது. வீடு போகும் நிலையில் இதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு கூடும் என்று கேட்டு, அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். நிலைமை சீரானதும் தவணையை உயர்த்திக் கட்டுங்கள். சீரமைத்த கடன் என்ற குறிப்பு 'சிபில்' போன்ற நிறுவனங்களின் பதிவில் ஏறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

காலம் கடந்துவிட்டால்

அறிவிப்பு வந்த பின்னும் கதவு முழுவதும் அடைபடுவதில்லை. 'சர்ஃபாசி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வங்கி முதலில் அறுபது நாள் அறிவிப்புத் தர வேண்டும். அதற்கு நீங்கள் எழுத்துமூலம் முறையீடோ மறுப்போ கொடுத்தால், ஏற்காத நிலையில் பதினைந்து நாட்களுக்குள் காரணம் காட்டி வங்கி பதிலளிக்க வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்தால் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். நம் பகுதியினருக்கு அது சென்னையில் இருக்கிறது. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன் நிலுவை முழுவதையும் செலவுகளுடன் கட்டினால் வீட்டை மீட்கலாம். தபாலைத் திருப்பி அனுப்புகிறவர் இந்த நாட்களையும் சேர்த்தே திருப்பி அனுப்புகிறார்.

வசூலுக்கு வருவோர் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வலியுறுத்திய விதி. மிரட்டுவதும் அவமானப்படுத்துவதும் கூடாது. தவறிய தவணைக்கு அபராத வட்டி போட்டு அதை அசலில் ஏற்றும் வழக்கமும் 2024 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. குறை இருந்தால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், கட்டணம் கிடையாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி உண்டு.

இறுதியாக இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, கணவன்மார்களுக்கு. கடன் பத்திரத்தில் மனைவியின் கையெழுத்தை வாங்கத் தெரிந்த நமக்கு, அதில் இருப்பதை அவருக்குச் சொல்லவும் தெரிய வேண்டும். அன்று கதவிலிருந்து அந்தக் காகிதத்தைப் பெயர்த்தெடுத்தவர் ஒரு பெண். அந்த வீட்டைக் காப்பாற்றியதும் அவர்தாம்.

இரண்டாவது, ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு. ஜகாத் பெறத் தகுதியுள்ளோரில் கடனாளிகளையும் திருமறை எண்ணிச் சொல்லியிருக்கிறது. அவர்களுக்குப் பைத்துல்மாலிலிருந்து என்ன செய்யலாம் என்பதை உங்கள் ஆலிம்களுடன் கலந்து முடிவு செய்யுங்கள். பணம் இல்லாத மஹல்லாவும் ஒன்று செய்யலாம். ஆங்கிலக் கடிதம் வாசிக்கத் தெரிந்த, வங்கிப் படியேறக் கூச்சமில்லாத ஒருவரை மஹல்லாவுக்கு ஒருவராக நியமியுங்கள். ஜும்ஆ நாளில் அவர் இருக்குமிடம் இன்னதென்று அறிவியுங்கள்.

நான் இப்போது அப்படித்தான் அமர்ந்திருக்கிறேன். "கடன் நெருக்குகிறது" என்று யாரேனும் வந்தால் துஆ எழுதிக் கொடுக்கிறேன். அதே தாளின் பின்புறத்தில் வங்கிக்கு மனுவும் எழுதிக் கொடுக்கிறேன். எத்தனையாவது தவணை தவறியிருக்கிறது என்பதே என் முதல் கேள்வி.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கடனின் சுமையிலிருந்து காப்பானாக! பட்ட கடனை முறையாகத் தீர்க்கும் வழியையும், அதைக் கேட்டுப் பெறும் துணிவையும் நமக்குத் தருவானாக! ஆமீன்.